ஆர் மொழியைச் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வது: முதல்முறை இறங்குபவர்களுக்கு

லினக்ஸில் புள்ளியியல் மொழியான ஆர் வேண்டும் என்றால் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். நிறைய பேருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. ஆனால் சில இடங்களில் சோர்ஸ் கோடை இறக்கி நாமே கம்பைல் செய்ய வேண்டிவரும். உங்கள் லினக்ஸ் தரும் ஆர் இரண்டு மூன்று பதிப்பு பின்தங்கியிருக்கலாம். கல்லூரி சர்வரில் ரூட் அனுமதி கிடைக்காமல் இருக்கலாம். பழைய ஆய்வு ஒன்றின் கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்க்க ஒரு பதிப்பும், புது வேலைக்கு வேறொரு பதிப்பும் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்தில் வேண்டியிருக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி சொல்லப்படும் காரணம் வேகம். நல்ல ஆப்டிமைஸிங் கம்பைலரை எடுத்து, ஃபிளாக்குகளை (கம்பைலருக்கு நாம் தரும் விருப்பங்களை) முடிந்த மட்டும் முறுக்கி விட்டால் ஆர் பறக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை. ஆரில் பெரிய வேகம் கிடைப்பது கம்பைலர் ஃபிளாக்கில் அல்ல, அணிக் கணக்குகளைச் செய்யும் பிளாஸ் நூலகத்தில். ஃபிளாக்குகளில் கிடைப்பது சிறு லாபம். அவற்றில் ஒன்றிரண்டு, விடையையே தப்பாக்கிவிடும். புள்ளியியல் மொழியில் விடை தப்பானால் வேகத்தை வைத்து என்ன செய்வது? அதனால் இந்தக் கட்டுரையில் முதலில் ஒரு சாதாரணமான, சரியான ஆரைக் கட்டுவோம். அப்புறம் பிளாஸ். கடைசியில்தான் ஃபிளாக்குகள்.

ஒரு சிறு குறிப்பு. கட்டளைகளையும் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழிலேயே எழுதுகிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். நான் தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லாமே சின்ன எழுத்துதான்.

உள்ளே என்ன இருக்கிறது

ஆர், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் தொடங்கியது. பெல் லேப்ஸில் ஜான் சேம்பர்ஸும் கூட இருந்தவர்களும் 1976 வாக்கில் உருவாக்கத் தொடங்கிய எஸ் மொழியின் வழியில் வந்தது. முதல் முழுப் பதிப்பான 1.0.0 வெளியானது 2000 பிப்ரவரி 29 அன்று. இந்த வரலாறு கம்பைல் செய்பவருக்கும் ஓரளவு பயன்படும். ஆரின் மையப் பகுதி சி மொழியில் இருக்கிறது. புள்ளியியல், நேரியல் இயற்கணித வழிமுறைகளில் பல இன்றும் ஃபோர்ட்ரானில் இருக்கின்றன. மீதி ஆர் மொழியிலேயே எழுதப்பட்டது. ஆகவே சி கம்பைலர் மட்டும் இருந்தால் வேலைக்கு ஆகாது; ஃபோர்ட்ரான் கம்பைலர் கட்டாயம். சி++ கம்பைலர் ஆருக்கு என்பதைவிட, பின்னால் நீங்கள் நிறுவப்போகும் பேக்கேஜ்களுக்குத் தேவை. மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக, ஒரே பதிப்பாக இருப்பது நல்லது. முதல்முறை என்றால் ஜிசிசி, ஜிஃபோர்ட்ரான், ஜி++ மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேவையானவற்றைச் சேர்ப்பது

டெபியன், உபுண்டு வகையில் இதற்குக் குறுக்குவழி உண்டு. 'சூடோ ஆப்ட் பில்டு-டெப் ஆர்-பேஸ்' என்று தட்டினால், விநியோகத்தினர் தங்கள் ஆரைக் கட்டப் பயன்படுத்தும் அத்தனை நூலகங்களும் வந்து இறங்கும். இது வேலை செய்ய, ஆப்டின் மூலப் பட்டியலில் 'டெப்-எஸ்ஆர்சி' இயக்கத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது அணைத்துதான் வைக்கப்பட்டிருக்கும். ஃபெடோரா வகையில் இதே வேலையை 'டிஎன்எஃப் பில்டுடெப்' செய்கிறது. அங்கே பேக்கேஜின் பெயர் கேப்பிட்டல் ஆர்.

குறுக்குவழி இல்லாத இடத்தில் இவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள்: ரீட்லைன், இசட்லிப், பிஇசட்2, எல்இசட்எம்ஏ, பிசிஆர்இ2, கர்ல், ஐசியூ, எக்ஸ்11, கெய்ரோ, பாங்கோ, பிஎன்ஜி, ஜேபெக். புதியவர்கள் இடறும் இடம் இதுதான். 'ரீட்லைன் ஏற்கெனவே இருக்கிறதே, ஏன் இல்லை என்கிறது?' என்று கேட்பார்கள். இருப்பது ஓடும் நிரலுக்கான நூலகம். கம்பைல் செய்ய அதன் ஹெடர் கோப்புகளும் வேண்டும். அவை டெபியனில் '-டெவ்' என்றும், ஃபெடோராவில் '-டெவல்' என்றும் முடியும் தனி பேக்கேஜில் இருக்கும்.

ஐசியூவை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமலும் ஆர் கட்டப்பட்டுவிடும். ஆனால் சொற்களை அகர வரிசைப்படுத்தும்போது ஆர் ஐசியூ இருந்தால் அதைத்தான் பயன்படுத்துகிறது. தமிழ்த் தரவில் மாவட்டப் பெயர்களையோ ஆட்களின் பெயர்களையோ வரிசைப்படுத்தப் போகிறவர்கள் ஐசியூவோடு கட்டிக்கொள்வது நல்லது.

டெக் அமைப்பு இல்லை, பிடிஎஃப் கையேடு கட்ட முடியாது என்று பின்னால் எச்சரிக்கை வரும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். கையேடுகள் இணையத்தில் இருக்கின்றன. அதற்காகப் பெரிய டெக் லைவ் முழுவதையும் இறக்கத் தேவையில்லை.

சோர்ஸ், தனி ஃபோல்டர்

ஆரை வெளியிடும் கிரான் தளத்தின் சோர்ஸ் பகுதியில் பதிப்பு எண்ணோடு டார் கோப்பு இருக்கும். ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு, வழக்கமாக ஏப்ரலில் வரும்; நடுவே பிழை திருத்தப் பதிப்புகள் வரும். புள்ளிக்குப் பின் சுழியம் உள்ள புத்தம்புதுப் பதிப்பைவிட, முதல் திருத்தப் பதிப்பை எடுப்பது என் வழக்கம். இந்த டார் கோப்புக்குள் 14 அடிப்படை பேக்கேஜ்களும், மாஸ், மேட்ரிக்ஸ், சர்வைவல் போன்ற 15 பரிந்துரை பேக்கேஜ்களும் சேர்ந்தே வருகின்றன. தனியாக இறக்க வேண்டாம்.

பிரித்ததும் அதே ஃபோல்டருக்குள் கட்டத் தொடங்காதீர்கள். பக்கத்தில் 'பில்டு-சாதா' என்பதுபோல ஒரு வெற்று ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் நுழைந்து, அங்கிருந்து சோர்ஸ் ஃபோல்டரில் உள்ள கான்ஃபிகர் ஸ்கிரிப்டை அழையுங்கள். ஆர் இப்படிக் கட்டுவதை முறையாக ஆதரிக்கிறது. இதனால் ஒரே சோர்ஸை வைத்து 'பில்டு-பிளாஸ்', 'பில்டு-நேட்டிவ்' என்று எத்தனை விதமாக வேண்டுமானாலும் கட்டி, பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். சொதப்பினால் அந்த ஒரு ஃபோல்டரை அழித்தால் போதும். கம்பைலரையோ ஃபிளாக்கையோ மாற்றிவிட்டு பழைய ஃபோல்டரிலேயே மறுபடி மேக் கொடுப்பவர்களுக்குப் பாதி பழைய ஃபிளாக்கிலும் பாதி புது ஃபிளாக்கிலும் கம்பைல் ஆன கலவை கிடைக்கும். பிறகு எது எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

தொடங்குமுன் இன்னொன்று: காண்டா (பேக்கேஜ்களை நிறுவித் தரும் ஒரு கருவி) சூழல் செயலில் இருந்தால் அணைத்துவிடுங்கள். டெர்மினல் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பேஸ்' என்று தெரிந்தால் அது செயலில் இருக்கிறது என்று பொருள். அப்படியே விட்டால் கான்ஃபிகர் காண்டாவுக்குள் இருக்கும் கர்லையும் ஐசியூவையும் பிடித்துக்கொள்ளும். காண்டா இல்லாமல் ஓட்டும் நாளில் ஆர் திறக்காது.

கான்ஃபிகர்

இந்த ஸ்கிரிப்ட் உங்கள் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன சோதனைகளை ஓட்டிப் பார்த்து, அதற்கேற்ப மேக் கோப்புகளை எழுதுகிறது. முதல் கட்டலுக்கு இரண்டே விருப்பங்கள் போதும். இரண்டின் முன்னாலும் இரட்டைக் கோடு வரும்.

ஒன்று, 'பிரிஃபிக்ஸ்'. எங்கே நிறுவ வேண்டும் என்பது. ரூட் அனுமதி இருந்தால் 'ஆப்ட்' (மேலே வந்த நிறுவும் கட்டளை அல்ல; ஓ-பி-டி) ஃபோல்டருக்குள் ஆர் என்று ஒன்று, அதற்குள் பதிப்பு எண் பெயரில் ஒன்று என்று கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் அதே அமைப்பு. பாதையில் பதிப்பு எண் இருந்தால், பல பதிப்புகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். வேண்டாத பதிப்பை நீக்குவதும் எளிது.

இரண்டு, 'எனேபிள்-ஆர்-ஷ்லிப்'. இதில் ஆர் மட்டும் கேப்பிட்டல். ஆரை ஒரு பகிர்நூலகமாகவும் கட்டச் சொல்கிறது. ஆர்ஸ்டூடியோ இது இல்லாத ஆரோடு வேலை செய்யாது. பைத்தானிலிருந்து ஆரை அழைக்கும் கருவிகளுக்கும் இது தேவை. முதலில் போடாமல் விட்டால் பின்னால் முழுவதையும் மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

தலையில்லா சர்வர், படம் வரைய எக்ஸ்11 தேவையில்லை என்றால் 'வித்-எக்ஸ்=நோ' சேர்க்கலாம். ஆனால் ரீட்லைன் இல்லை என்று பிழை வந்ததும் 'வித்-ரீட்லைன்=நோ' போட்டுத் தாண்டிப் போகாதீர்கள். கட்டிவிடும், உண்மைதான். ஆனால் முந்தைய கட்டளையை மேல் அம்புக்குறியால் எடுக்க முடியாத ஆரில் யாராலும் நிம்மதியாக வேலை செய்ய முடியாது.

பிழையோடு நின்றால், திரையின் கடைசி வரியை மட்டும் பார்த்துக் குழம்ப வேண்டாம். பில்டு ஃபோல்டரில் 'கான்ஃபிக்.லாக்' என்ற கோப்பு இருக்கும். அதன் கடைசிப் பகுதி வெறும் மாறிகளின் பட்டியல். அங்கே எதுவும் கிடைக்காது. திரையில் வந்த பிழைச் செய்தியின் சொற்களைக் கோப்புக்குள் தேடி, அந்த இடத்துக்குச் சற்று மேலே பாருங்கள். கான்ஃபிகர் எழுதிய குட்டி சி நிரலும், கம்பைலர் அதற்குச் சொன்ன பதிலும் அப்படியே இருக்கும். 'இந்த ஹெடர் கோப்பு இல்லை' என்றோ 'இந்த நூலகத்தை இணைக்க முடியவில்லை' என்றோ அங்கே தெளிவாகத் தெரியும். பத்தில் ஒன்பது முறை விடுபட்ட ஒரு '-டெவ்' பேக்கேஜ்தான் காரணமாக இருக்கும்.

வெற்றிகரமாக முடிந்தால் ஒரு சுருக்கப் பட்டியல் திரையில் வரும். பலரும் அதைப் படிக்காமல் மேக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து படியுங்கள். 'சி கம்பைலர்' வரியில் நீங்கள் நினைத்த கம்பைலரும் ஃபிளாக்கும்தான் இருக்கின்றனவா? எதுவும் சொல்லாவிட்டால் 'ஜி', 'ஓ2' இரண்டும் இருக்கும். இந்த ஓ கேப்பிட்டல் ஓ, சுழியம் அல்ல. 'எக்ஸ்டர்னல் லைப்ரரீஸ்' வரியில் பிசிஆர்இ2, ரீட்லைன், கர்ல் மூன்றும் வேண்டும். 'அடிஷனல் கேப்பபிலிட்டீஸ்' வரியில் பிஎன்ஜி, கெய்ரோ, ஐசியூ இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து 'கேப்பபிலிட்டீஸ் ஸ்கிப்டு' என்ற வரி வரும்; அதில் ஏதாவது இருந்தால் அது விடுபட்டது என்று அர்த்தம். இங்கே செலவழிக்கும் ஒரு நிமிடம் பின்னால் ஒரு பொழுதை மிச்சப்படுத்தும்.

நீங்கள் கொடுத்த கான்ஃபிகர் கட்டளையை ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த பதிப்பைக் கட்டும்போது கைகொடுக்கும்.

மேக், மேக் செக்

'மேக்' கொடுத்து, கூடவே 'ஜே' ஃபிளாக்கில் கணினியின் கோர் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். ரூட்டாக இருந்து இதைச் செய்ய வேண்டாம். முதலில் சி, ஃபோர்ட்ரான் கோப்புகள் கம்பைல் ஆகும். அப்புறம் அப்போதுதான் பிறந்த ஆர், தன் சொந்த பேக்கேஜ்களைத் தானே பைட்கோடாக (ஆர் வேகமாக ஓட்டக்கூடிய இடைநிலை வடிவமாக) மாற்றிக்கொள்ளும்.

அடுத்தது 'மேக் செக்'. இதைத் தவிர்க்கவே கூடாது என்று நினைக்கிறேன். ஆப்டிமைஸிங் கம்பைலரோடு விளையாடப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு வேறில்லை. ஆர் குழுவினர் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த சோதனைகளை ஓட்டி, வரும் விடையை ஏற்கெனவே சேமித்த விடையோடு ஒப்பிடுகிறது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'ஓகே' வர வேண்டும். ஏதாவது தோற்றால் பில்டு ஃபோல்டருக்குள் இருக்கும் 'டெஸ்ட்ஸ்' ஃபோல்டரில் பெயரின் முடிவில் 'ஃபெயில்' என்ற சொல்லோடு ஒரு கோப்பு கிடக்கும். அதன் கடைசி வரிகளில் எந்தக் கணக்கு இடித்தது என்று தெரியும். இன்னும் ஆழமாகப் போக 'மேக் செக்-ஆல்' உண்டு. பரிந்துரை பேக்கேஜ்களையும் சோதிக்கும், நேரம் பிடிக்கும்.

எல்லாம் ஓகே என்றால் 'மேக் இன்ஸ்டால்'. ஆப்ட் ஃபோல்டர் என்றால் மட்டும் முன்னால் சூடோ. சரி, இப்போது உங்களிடம் சரியாகக் கணக்குப் போடும் ஒரு ஆர் இருக்கிறது. இனி செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் இதனோடுதான் ஒப்பிடப்போகிறோம், அதனால் இதை அழித்துவிடாதீர்கள்.

வேகம் இருக்கும் இடம்

ஆரைத் திறந்து, 4000 கிடை வரிசை, 4000 நெடு வரிசை உள்ள ஒரு அணியை ஆர்நார்ம் சார்பு தரும் எண்களால் நிரப்பி ஏ என்று பெயரிடுங்கள். நினைவகத்தில் அது 128 எம்பி பிடிக்கும். பிறகு சிஸ்டம்.டைம் சார்புக்குள் ஏ %*% ஏ என்று கொடுங்கள். இந்த ஒரு பெருக்கலுக்குள் சுமார் 12,800 கோடி எண்கணிதச் செயல்கள் இருக்கின்றன. ஆரோடு வரும் பிளாஸ் இதை ஒரே கோரில், நேரடியான சுழற்சிகளாகச் செய்கிறது. கேஷ் நினைவகத்துக்கு ஏற்றபடி அணியைத் துண்டு போடுவதில்லை. காத்திருக்க வேண்டியிருக்கும்.

இப்போது 'பில்டு-பிளாஸ்' என்று புதிய ஃபோல்டர். வேகமான பிளாஸ் நூலகமான ஓபன்பிளாஸின் '-டெவ்' பேக்கேஜை நிறுவிவிட்டு, முந்தைய கான்ஃபிகர் கட்டளையோடு 'வித்-பிளாஸ்', 'வித்-லேபேக்' இரண்டையும் சேருங்கள் (லேபேக், பிளாஸின் மேல் இயங்கும் நேரியல் இயற்கணித நூலகம்). நிறுவும் இடத்துக்கும் வேறு பெயர் கொடுங்கள். முடிவில் வரும் பட்டியலில் எக்ஸ்டர்னல் லைப்ரரீஸ் வரியில் கேப்பிட்டல் எழுத்தில் பிளாஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் கான்ஃபிகர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. சத்தமே இல்லாமல் தன் சொந்த பிளாஸுக்குத் திரும்பிவிட்டது. மேக், மேக் செக், மேக் இன்ஸ்டால். புதிய ஆரில் செஷன்இன்ஃபோ சார்பை அழைத்தால் எந்த பிளாஸ் கோப்பு ஏற்றப்பட்டிருக்கிறது என்று முழுப் பாதையோடு சொல்லும்.

அதே பெருக்கலை மறுபடி ஓட்டுங்கள். நவீன கணினியில் நேரம் பத்து மடங்குக்கும் மேல் குறையும். சிஸ்டம்.டைம் காட்டும் மூன்று எண்களையும் கவனியுங்கள். முதலாவது 'யூசர்', மூன்றாவது 'இலாப்ஸ்டு'. பழைய ஆரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்திருக்கும். இப்போது யூசர் எண், இலாப்ஸ்டைவிடப் பெரிதாக இருக்கும். பல கோர்கள் சேர்ந்து உழைத்திருக்கின்றன, அவற்றின் நேரமெல்லாம் கூட்டப்பட்டிருக்கிறது. உங்கள் கடிகாரத்தில் கழிந்தது இலாப்ஸ்டு மட்டும்தான்.

இங்கே அதிகம் பேர் அறியாத ஒன்று உண்டு. அணியில் எங்காவது ஒரே ஒரு என்ஏ (விடுபட்ட மதிப்பு) இருந்தாலும் இந்த வேகம் வராது. விடுபட்ட மதிப்புகள் முறையாகக் கடத்தப்பட வேண்டும் என்பதற்காக, என்ஏ அல்லது நேன் ('எண் அல்ல' என்ற மதிப்பு) இருக்கக்கூடும் என்று தெரிந்தால் ஆர் பிளாஸை விட்டுவிட்டுத் தன் மெதுவான மூன்று சுழற்சி வழிக்கு மாறிவிடுகிறது. 'மேட்பிராட்' என்ற ஆப்ஷன் இதைக் கட்டுப்படுத்துகிறது. இயல்பாக உள்ளபடியே விடுங்கள். தரவைச் சுத்தம் செய்துவிட்டுப் பெருக்குவதே சரியான வழி.

பல பேர் பகிரும் சர்வரில் ஓபன்பிளாஸ் எல்லா கோர்களையும் தனக்கே எடுத்துக்கொள்ளப் பார்க்கும். 'ஓபன்பிளாஸ்_நம்_த்ரெட்ஸ்' என்ற சூழல் மாறியை (முழுவதும் கேப்பிட்டலில்) உங்களுக்கு ஒதுக்கப்பட்ட அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேரலல் பேக்கேஜைக் கொண்டு எட்டுக் கிளைகளாக ஆரை ஓட்டி, ஒவ்வொன்றும் எட்டு த்ரெட் எடுத்தால் 64 த்ரெட்கள் மோதிக்கொள்ளும். வேகம் கூடுவதற்குப் பதில் குறையும். கிளை பிரித்து ஓட்டும்போது இந்த மாறியை 1 என்று வைப்பதுதான் நல்லது.

ஃபிளாக்குகள்

கான்ஃபிகர் அழைக்கும்போது சிஃபிளாக்ஸ், எஃப்ஃபிளாக்ஸ், சிஎக்ஸ்எக்ஸ்ஃபிளாக்ஸ் என்ற மாறிகளில் ஆப்டிமைசேஷன் ஃபிளாக்குகளைத் தரலாம். எதை எதிர்பார்க்கலாம்?

ஓ2 இலிருந்து ஓ3: ஆரைப் பொறுத்தவரை வித்தியாசம் சின்னது. ஜிசிசி 12 முதல் ஓ2 நிலையிலேயே ஒரு அளவுக்கு வெக்டரைசேஷன் (ஒரே அறிவுறுத்தலில் பல எண்களைக் கணக்கிடுவது) வந்துவிட்டதால் இடைவெளி இன்னும் சுருங்கியிருக்கிறது. நீங்கள் எழுதும் ஆர் நிரல் ஓடுவது பைட்கோடு இயக்கியில். 2017இல் வந்த 3.4.0 முதல் சார்புகள் தாமாகவே பைட்கோடாக மாறுகின்றன. அந்த இயக்கியில் நேரம் போவது பெரும்பாலும் நினைவக ஒதுக்கீட்டிலும் வகைச் சோதனையிலும். ஓ3 அங்கே பெரிதாக எதையும் மாற்றிவிடாது.

'மார்ச்=நேட்டிவ்': இந்தக் கணினியின் பிராசசரில் உள்ள எல்லா அறிவுறுத்தல்களையும் பயன்படுத்து என்கிறது. ஒரே கணினியில் கட்டி அதே கணினியில் ஓட்டினால் பிரச்சினையில்லை. கிளஸ்டரில் லாகின் நோடில் கட்டி, பழைய பிராசசர் உள்ள நோடில் ஓட்டினால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்ற இரண்டே சொல்லோடு ஆர் செத்துவிழும். அங்கே நேட்டிவ் என்பதற்குப் பதிலாக எக்ஸ்86-64-வி3 என்று கொடுங்கள். 2013க்குப் பின் வந்த பெரும்பாலான இன்டெல், ஏஎம்டி சர்வர் பிராசசர்களில் ஓடும். இன்னொரு விளைவும் உண்டு: பெருக்கிக் கூட்டுவதை ஒரே முறை முழுமையாக்கலோடு செய்யும் எஃப்எம்ஏ அறிவுறுத்தல் பயன்பாட்டுக்கு வருவதால், விடையின் கடைசி இலக்கங்கள் முன்பிருந்ததிலிருந்து மாறலாம். அது தவறில்லை. ஆனால் பழைய முடிவோடு கடைசி இலக்கம்வரை ஒத்துப்போக வேண்டும் என்ற வேலையாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

'எஃப்ஃபாஸ்ட்-மேத்': இதில் மட்டும் கைவைக்காதீர்கள். காரணத்தைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஆரில் விடுபட்ட மதிப்பான என்ஏ, எண் வகையில், ஒரு நேன்தான். மற்ற நேன்களிலிருந்து அதைப் பிரித்துக்காட்ட, அதன் கீழ்ப்பாதி பிட்டுகளில் 1954 என்ற எண் பொதிந்து வைக்கப்பட்டிருக்கிறது. அது ராஸ் இஹாக்கா பிறந்த ஆண்டு. ஒரு எண் என்ஏவா என்று கேட்டால், உள்ளே இருக்கும் சி நிரல் முதலில் 'இது நேனா?' என்று பார்க்கிறது; ஆம் என்றால் 1954 இருக்கிறதா என்று பார்க்கிறது. ஃபாஸ்ட்-மேத் ஃபிளாக், கம்பைலரிடம் 'இந்த நிரலில் நேன் வரவே வராது' என்று சத்தியம் செய்து தருகிறது. கம்பைலர் அதை நம்பி, முதல் கேள்விக்கு எப்போதும் 'இல்லை' என்றே பதில் என்று முடிவு செய்து, அந்தச் சோதனையையே அழித்துவிடலாம். அப்புறம் விடுபட்ட மதிப்புகளை நீக்கிவிட்டுச் சராசரி எடு என்றால், எதையும் நீக்காமல் எடுக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்கெடுப்பிலோ மருத்துவத் தரவிலோ இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பேக்கேஜ்களுக்கும் இதே எச்சரிக்கை. ஜிசிசி 13க்கு முந்தைய பதிப்புகளில் ஒரே ஒரு பேக்கேஜின் பகிர்நூலகத்தை இந்த ஃபிளாக்கோடு இணைத்தால்கூட, அதை ஏற்றிய கணத்திலிருந்து முழு ஆருக்கும் மிகச் சிறிய எண்கள் சுழியமாகிவிடும்.

எந்தக் கம்பைலரில் கட்டினாலும் சில சோதனைகளைக் கையால் செய்துபாருங்கள். 1, என்ஏ, 3 மூன்றையும் ஒரு வெக்டராக்கி இஸ்.என்ஏ கொடுத்தால் நடுவில் மட்டும் ட்ரூ வர வேண்டும். 2^-1074 > 0 என்று கேட்டால் ட்ரூ வர வேண்டும். .மெஷின் பட்டியலில் டபுள்.எப்ஸ் என்பது 2.220446 பெருக்கல் 10இன் அடுக்கு -16 என்று இருக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் அந்த ஆரை அழித்துவிடுங்கள்.

இன்டெல் கம்பைலர்

இன்டெலின் பழைய சி கம்பைலரான ஐசிசி இப்போது இல்லை, இன்டெலின் கருவித் தொகுப்பான ஒன்ஏபிஐயின் 2024.0 பதிப்போடு நீக்கப்பட்டது. பழைய ஃபோர்ட்ரான் கம்பைலரான ஐஃபோர்ட் 2025.0இல் போனது. இன்றைக்கு சிக்கு ஐசிஎக்ஸ், சி++க்கு ஐசிபிஎக்ஸ், ஃபோர்ட்ரானுக்கு ஐஎஃப்எக்ஸ். முதலில் ஒன்ஏபிஐ ஃபோல்டரில் உள்ள 'செட்வார்ஸ்' ஸ்கிரிப்டை சோர்ஸ் கட்டளையால் ஏற்றிவிட்டு, கான்ஃபிகருக்கு சிசி, சிஎக்ஸ்எக்ஸ், எஃப்சி மூன்று மாறிகளிலும் (எல்லாம் கேப்பிட்டல்) இந்தப் பெயர்களைக் கொடுங்கள்.

மறக்கக் கூடாதது ஒன்று. ஜிசிசி இயல்பிலேயே தசம எண் விதிகளில் கறாராக இருக்கும். இன்டெல் கம்பைலர் அப்படியில்லை. எதுவும் சொல்லாவிட்டால் வேகத்தையே முன்னிறுத்தும், மேலே சொன்ன ஃபாஸ்ட்-மேத் வகை அனுமானங்களைத் தானாகவே செய்துகொள்ளும். ஆகவே எல்லா ஃபிளாக் மாறிகளிலும் ஓ2 உடன் 'எஃப்பி-மாடல்=பிரிசைஸ்' கட்டாயம் சேருங்கள். கம்பைல் ஆகும்போது 'நேனோடு ஒப்பிடுகிறீர்கள், ஆனால் ஃபாஸ்ட் நிலையில் இருக்கிறீர்கள்' என்ற பொருளில் எச்சரிக்கைகள் ஓடினால் அந்த ஃபிளாக் போய்ச்சேரவில்லை. நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

உண்மையில் இன்டெலின் பலன் வேண்டும் என்றால் கம்பைலரை மாற்றாமல், ஜிசிசியிலேயே கட்டி, பிளாஸாக இன்டெலின் கணித நூலகமான எம்கேஎல்லை மட்டும் இணைப்பது பெரும்பாலும் போதும். அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். அப்போது எம்கேஎல்லின் ஜிஎஃப்-எல்பி64 இடைமுகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஜிஃபோர்ட்ரானுக்கானது அது. ஐஎல்பி64 என்ற 64 பிட் முழுஎண் வகை ஆருக்குப் பொருந்தாது.

பேக்கேஜ்கள்

ஆரைக் கட்டிய கம்பைலரும் ஃபிளாக்குகளும் 'ஈடிசி' ஃபோல்டரில் 'மேக்கான்ஃப்' என்ற கோப்பில் பதிவாகிவிடும். இனி நிறுவும் ஒவ்வொரு பேக்கேஜும் அதைப் பார்த்துத்தான் கம்பைல் ஆகும். நீங்கள் ஐசிஎக்ஸில் கட்டிய ஆரைச் சர்வரில் பலருக்குத் திறந்துவிட்டால், செட்வார்ஸ் ஏற்றாத ஒவ்வொருவருக்கும் பேக்கேஜ் நிறுவல் தோற்கும். பொதுப் பயன்பாட்டுக்கு ஜிசிசியே மேல் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்களுக்கு மட்டும் ஃபிளாக் மாற வேண்டும் என்றால் ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் கேப்பிட்டல் ஆர் ஃபோல்டருக்குள் 'மேக்வார்ஸ்' என்ற கோப்பு எழுதுங்கள். ஆரை மறுபடி கட்டத் தேவையில்லை.

சில சர்வர்களில் தற்காலிகக் கோப்புகளுக்கான 'டிஎம்பி' ஃபோல்டரில் நிரல் ஓட்டத் தடை இருக்கும். பேக்கேஜ் நிறுவும்போது கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்ட அனுமதியில்லை என்று வந்தால், 'டிஎம்பிடிஐஆர்' மாறியை (இதுவும் கேப்பிட்டல்) உங்கள் ஹோமுக்குள் ஒரு ஃபோல்டராக மாற்றுங்கள்.

4.4 இலிருந்து 4.5 என்பதுபோல நடு எண் மாறும்போது பேக்கேஜ் நூலகத்தின் ஃபோல்டரும் மாறும். பழைய பேக்கேஜ்களை நகலெடுத்து வைக்காமல் புதிதாகவே நிறுவிக்கொள்ளுங்கள். பழைய ஆரும் அதன் பேக்கேஜ்களும் அவற்றின் இடத்திலேயே இருக்கட்டும். எந்த ஆரை அழைப்பது என்பதை 'யூஎஸ்ஆர்-லோக்கல்-பின்' ஃபோல்டரில் ஒரு இணைப்பை மாற்றி முடிவு செய்துகொள்ளலாம்.